கைப்பைக்குள் போகுமா? கொழும்பில் முதல் கமரா வாங்க நினைப்பவர்களுக்கு

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவின் மகள் வாட்ஸ்அப்பில் ஐந்து படங்களை வரிசையாக அனுப்பினாள். ஐந்தும் விற்பனை விளம்பரங்கள். கீழே ஒரேயொரு வரி: "மாமா, இதில எது?"

வேலைக்குச் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகிறது. சம்பளத்தில் பிடித்துப் பிடித்துச் சேர்த்த காசு ஒன்றரை லட்சம் ரூபா. அதற்குள் கமரா, மெமரி கார்ட், மேலதிக பற்றரி எல்லாம் அடங்க வேண்டும். ஆசைகள் பெரிதில்லை. சிநேகிதிகளோடு எல்லவுக்கு ஒரு ரயில் பயணம், வெள்ளவத்தைக் கடற்கரையில் பின்னேரங்கள், வீட்டு விசேஷங்கள், யாழ்ப்பாணம் போகும்போது அம்மம்மாவை நல்லபடியாக ஒரு படம். அவ்வளவுதான்.

அவள் அனுப்பியவை இவை: இரண்டு லென்ஸோடு பாவித்த கனன் 1300டி, பாவித்த நிக்கோன் டி3500, பாவித்த சோனி ஏ6000, சட்டைப்பைக்குள் போகக்கூடிய சோனி ஆர்எக்ஸ்100, பெட்டி பிரிக்காத கனன் ஆர்100. ஆறாவது ஒன்றும் இருந்தது. "கையில நல்ல போன் இருக்கேக்க கமரா என்னத்துக்கு?" என்று கந்தோரில் பக்கத்து மேசைக்காரி கேட்டிருக்கிறாள்.

நான் போன் எடுத்து, வேலைக்குப் போகும்போது என்ன பை கொண்டுபோகிறாள் என்று கேட்டேன். "அதுக்கும் கமராவுக்கும் என்ன மாமா சம்பந்தம்?" என்றாள். முழுச் சம்பந்தமும் அங்கேதான் இருக்கிறது. நான் அதைப் படித்தது காசு கொடுத்து.

எனது முதல் கமரா கனன் 700டி. 18-55 மி.மீ. லென்ஸ் ஒன்று (எண் கூடக் கூடத் தூரத்தில் உள்ளது கிட்ட வரும்), தூரத்துக்கு 55-250 ஒன்று, கடைக்காரர் சேர்த்துத் தந்த கறுப்புப் பை ஒன்று. கமராவும் இரண்டு லென்ஸும் மட்டும் ஒரு கிலோவுக்கு மேல். முதல் மூன்று மாதம் எங்கே வெளிக்கிட்டாலும் தோளில் அது தொங்கும். நாலாவது மாதத்தில் 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபடி அந்தப் பையோடு பாணந்துறைக்குப் போய்வந்தேன். அன்றோடு பயணத்துக்கு மட்டும் எடுப்பது என்று முடிவானது. பிறகு பெரிய பயணத்துக்கு மட்டும். பிறகு அலுமாரியில் சாரங்களுக்குப் பக்கத்தில் குடியேறிவிட்டது. ஒன்றரை வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டுக்காக வெளியே எடுத்தபோது 55-250 லென்ஸின் உள்ளே வெள்ளை நூல்போல ஏதோ ஓடியிருந்தது. பூஞ்சணம். கழுவக் கேட்ட காசுக்கு அதே லென்ஸைப் பாவித்ததாய் வாங்கிவிடலாம் என்றார்கள். குற்றம் யாருடையதும் இல்லை, அலுமாரியைத் தெரிவு செய்தவன் நான்.

ஆகவே இந்த ஒப்பீட்டில் மெகாபிக்சல் பின்வரிசையில் உட்காரும். அவள் அனுப்பிய ஐந்தில் மிகக் குறைந்தது 18 மெகாபிக்சல். வீட்டுச் சுவரில் மாட்டும் அளவுக்கு அச்சிட அதுவே தாராளம்.

முதலில் போனைப் பற்றி நேர்மையாக

பக்கத்து மேசைக்காரி சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை. பகல் வெளிச்சத்தில் எடுத்து போனிலேயே பார்த்து, போனிலேயே பகிர்வதாக இருந்தால், இன்றைய நடுத்தர விலைப் போனுக்கும் கமராவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பத்துப் பேரில் எட்டுப் பேர் கண்டுபிடிக்கமாட்டார்கள். அசையாத இரவுக் காட்சியில் போன் முந்தவும் கூடும். அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகக் கோர்த்துத் தருகிறது. தாமரைக் கோபுரம் இரவில் நிறம் மாறி ஒளிர்வதை எடுக்க ஒன்றரை லட்சம் செலவழிக்கத் தேவையில்லை.

போன் திணறும் இடங்கள் மூன்று. குறைந்த வெளிச்சத்தில் ஆள் அசைந்தால் அந்தக் கோர்க்கும் வித்தை குழம்பி முகம் மெழுகாகிவிடும். தூரத்தில் இருப்பதை இழுத்து எடுத்தால் பெரும்பாலான போன்களில் இலைகள் எல்லாம் பச்சைச் சாந்து. மூன்றாவது, முகத்தைத் தெளிவாக வைத்துப் பின்னணியைக் கரைப்பது. போன் அதைக் கணக்குப் போட்டுச் செய்கிறது, கமரா கண்ணாடியால் செய்கிறது. அம்மம்மாவின் கலைந்த நரைமுடியையும் காதோரத் தோட்டையும் போன் எப்படி வெட்டுகிறது என்று ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும்.

இந்த மூன்றும் தேவையில்லாதவர் காசை மிச்சம் பிடித்து எல்லவுக்கு இரண்டு தரம் போய்வரலாம். அவளுக்கு மூன்றாவது கட்டாயம் வேண்டும் என்றாள்.

சட்டைப்பைக் கமரா

பை என்ற அளவுகோலில் முதல் பரிசு ஆர்எக்ஸ்100க்குத்தான். பற்றரியோடு 240 கிராம். 2012இல் வந்த முதல் வகை இன்றும் பாவித்த சந்தையில் கிடைக்கிறது. உள்ளே இருப்பது 'ஒரு இஞ்ச்' சென்சர், அதாவது வெளிச்சத்தைப் படமாகப் பதியும் தகடு. பெயரை நம்பி அடிமட்டம் வைத்து அளந்தால் ஏமாற்றம்தான்: 13.2 மி.மீ.க்கு 8.8 மி.மீ. பழைய தொலைக்காட்சிக் கமராக் குழாய்களின் விட்டத்தை வைத்து வந்த பெயர் அது. ஆனாலும் சாதாரணச் சின்னக் கமராக்களில் இருந்த 6.2க்கு 4.6 மி.மீ. சென்சரைவிடப் பரப்பளவில் நாலு மடங்கு. டி3500, ஏ6000 போன்றவற்றில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சர் 23.5க்கு 15.6 மி.மீ., அதாவது இதைவிட மூன்று மடங்கு. இருட்டிலும் பின்னணியைக் கரைப்பதிலும் இந்த மடங்குகள்தான் வேலை செய்கின்றன.

குறைகள் சின்னவையல்ல. முதல் வகையில் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லை. மத்தியான வெயிலில் காலி முகத்திடலில் நின்று திரையைப் பார்த்தால் உங்கள் நெற்றிதான் தெரியும். வை-ஃபையும் இல்லை. 2014இல் வந்த மூன்றாம் வகையில் இரண்டும் உண்டு, விலையும் அதற்கேற்ப ஏறும். லென்ஸைக் கழற்ற முடியாது. மோட்டாரில் நீண்டு சுருங்கும் குழாய்க்குள் கடற்கரை மணல் ஒரு துளி போய்விட்டால் நறநறவென்று ஒரு சத்தம் வரும், பிறகு அது நீளாது. உள்ளே தூசி போனால் வீட்டில் ஊதித் துடைக்கவும் வழியில்லை.

ஆனாலும் வேலைக்குப் பஸ்ஸில் போய்வரும் ஒருவர், படம் எடுப்பதைப் பாடமாகப் படிக்கும் எண்ணம் இல்லாதவர் என்றால், இதையே சொல்வேன். கொழும்பில் சின்னக் கமராவுக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. 2009க்கு முன்னர் இந்த நகரத்தில் கமராவைத் தோளில் போட்டுக்கொண்டு கோட்டைப் பக்கம் நடந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது விளங்கும். இன்று நிலைமை வேறுதான். என்றாலும் பெரிய லென்ஸைத் தூக்கினால் யாராவது ஒருவர் திரும்பிப் பார்ப்பார், சின்னதை யாரும் கவனிப்பதில்லை. புறக்கோட்டைச் சந்தையில் மூட்டை தூக்குபவரை, சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலின் சிவப்பு வெள்ளைக் கோடுகளுக்குக் கீழே பழம் விற்பவரை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுக்கும்போதும், சின்னக் கமராவுக்கு முகம் இறுகாது.

கனனா, நிக்கோனா

அவளுக்கு முதலில் பிடித்தது இரண்டு லென்ஸோடு வந்த 1300டி. ஒரு லட்சத்துக்குள், எல்லாம் சேர்த்து, பையும் இலவசம். எனக்கு என் கறுப்புப் பை ஞாபகம் வந்தது.

1300டி 2016இல் வந்தது. 18 மெகாபிக்சல், ஒன்பது போகஸ் புள்ளிகள், உடம்பு 485 கிராம். படிக்க நல்ல கமராதான். திரையைப் பார்த்து எடுக்கப் போனால் போகஸ் ஆடி அசைந்து வந்து சேரும், போனில் பழகிய கைக்கு அது பெரிய எரிச்சல். இதே வரிசையில் 2018இல் வந்த 3000டி மலிவாகக் கிடைக்கும், தொடவேண்டாம் என்பேன். லென்ஸ் பூட்டும் வளையம் பிளாஸ்டிக். வியூஃபைண்டரைக் கண்ணின் பவருக்கு ஏற்பத் திருத்தும் சின்னச் சக்கரமும் இல்லை, கண்ணாடி போடுபவருக்கு அது பெரிய குறை. கனனில்தான் படிப்பது என்றால் 200டி அல்லது 200டி மார்க் 2 பாருங்கள். தொடுதிரை, திருப்பக்கூடிய திரை, திரையில் பார்த்து எடுத்தாலும் வேகமான போகஸ் எல்லாம் உண்டு.

கனன் வாங்கப் போகிறவர்கள் ஒன்றை மனதில் வைக்கவேண்டும். ஒரே கமரா பல பெயரில் வரும். ஜப்பானிலிருந்து இறங்கியவை கிஸ் என்ற பெயரில் இருக்கும். கிஸ் எக்ஸ்80 என்றால் 1300டி, கிஸ் எக்ஸ்9 என்றால் 200டி, கிஸ் எக்ஸ்10 என்றால் 200டி மார்க் 2, கிஸ் எம் என்றால் எம்50. 'ஜப்பான் ஸ்பெஷல் மொடல்' என்று பத்தாயிரம் கூட்டிக் கேட்டால் சிரித்துவிட்டு வாருங்கள்.

நிக்கோன் டி3500 என் கட்சி, ஒளிக்க ஒன்றுமில்லை. 2018இல் வந்தது. பற்றரியோடு 415 கிராம், 18-55 லென்ஸைச் சேர்த்தால் 620. டி.எஸ்.எல்.ஆர் கமராவுக்கு, அதாவது உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி வைத்து வியூஃபைண்டருக்குக் காட்சியை அனுப்பும் வகைக்கு, இது பஞ்சு. நிக்கோன் கணக்கில் ஒரு சார்ஜில் 1,550 படம். 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் போன நாட்களை மறக்காதவர்களுக்கு அந்த எண்ணின் அருமை தெரியும். பிடிமானம் கைக்குள் ஒழுங்காக உட்காரும். நல்ல வெளிச்சம் விடும் 35 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் (எஃப் எண் குறையக் குறைய உள்ளே வரும் வெளிச்சம் கூடும்) பாவித்ததாய் மலிவாகக் கிடைக்கும், அதுவும் 200 கிராம்தான்.

இதில் ஒரு பொறி உண்டு. டி3500இன் உடம்பில் போகஸ் மோட்டார் இல்லை, மோட்டார் லென்ஸில் இருக்கவேண்டும். பழைய 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸை 'நிக்கோனுக்குப் பொருந்தும்' என்று மலிவாக விற்பார்கள். பொருந்தும்தான், ஆனால் போகஸைக் கையால்தான் திருகவேண்டும். பெயரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி இருக்கிறதா என்று பார்த்தபிறகு காசை எடுங்கள். வை-ஃபையும் கிடையாது. புளூடூத்தில் படத்தைச் சின்னதாக்கி அனுப்பும், முழுப் படம் வேண்டுமென்றால் கார்ட்டைக் கழற்ற வேண்டும்.

இந்த வகைக் கமராக்களைக் கம்பனிகள் இனிப் புதிதாகச் செய்யப்போவதில்லை, செத்த வழியில் காசு போடுவானேன் என்று சிலர் கேட்பார்கள். லென்ஸ் பூட்டும் அமைப்பான மவுண்டைப் பாருங்கள்: நிக்கோனின் எஃப் மவுண்ட் 1959 முதல், கனனின் இஎஃப் 1987 முதல் இருக்கிறது. உலகம் முழுவதும் குவிந்திருக்கும் அந்த லென்ஸ்கள் நாளைக்குக் காற்றில் கரையப் போவதில்லை. எல்லாரும் புதியதுக்குத் தாவத் தாவ இவை மலியும். முதல் கமரா வாங்குபவருக்கு அது நல்ல செய்தி.

கண்ணாடி இல்லாதவை

டி.எஸ்.எல்.ஆரில் இருக்கும் அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகையில் அவள் பட்டியலில் இருந்தவை இரண்டு. ஆர்100 அவள் பட்ஜெட்டுக்குக் கொஞ்சம் மேலே. புதியது, உத்தரவாதம் உண்டு, லென்ஸோடும் பாரமில்லை. ஆனால் 2023இல் வந்த கமராவில் திரை அசையாது, தொட்டால் ஒன்றும் நடக்காது. போனில் விரல் வைத்துப் போகஸ் செய்து வளர்ந்த பிள்ளை அதைப் பத்துத் தரம் தொட்டுப் பார்த்துவிட்டுக் கோபப்படும். அதே வருஷம் வந்த ஆர்50இல் அந்தக் குறைகள் இல்லை. ஒன்றரை லட்சத்தை நன்றாகத் தாண்டக்கூடியவர்கள், புதியதுதான் வேண்டும் என்பவர்கள், நேரே அதற்குப் போகலாம். இரண்டோடும் வரும் 18-45 லென்ஸ் மட்டும் இருட்டுப் பேர்வழி, இழுத்தால் எஃப்/6.3.

கனன் எம்50 பாவித்ததாய் நிறையக் கிடைக்கிறது, வீடியோ செய்பவர்கள் விற்கிறார்கள். நல்ல கமரா. ஆனால் அந்த மவுண்டைக் கனன் கைவிட்டுவிட்டது, அதன் லென்ஸ்கள் கனனின் புதிய உடம்பில் ஏறாது. ஒரு கமரா, ஒரு லென்ஸ், அதோடு சரி என்பவருக்கு மட்டும்.

ஏ6000 வேறு சாதி. 2014இல் வந்தது, வயதாகிவிட்டது, உண்மை. 344 கிராம், மடங்கும் 16-50 லென்ஸோடு 460. கொம்பாக்ட் சாப்பாட்டுப் பெட்டியளவு இடம் போதும். சென்சர் டி3500இன் அளவேதான், 24 மெகாபிக்சல். 179 போகஸ் புள்ளிகள், விநாடிக்கு 11 படம். வை-ஃபை உண்டு. ஒரு சார்ஜில் 300 சொச்சம் படம்தான் வரும், ஆனால் பவர் பாங்கில் குத்தி சார்ஜ் செய்யலாம். கோட்டையிலிருந்து பதுளை ரயிலில் ஏறினால் அது பெரிய உதவி. தொடுதிரை இதிலும் இல்லை. அதோடு வரும் 16-50 லென்ஸ் சுமார்தான், ஓரங்களில் தெளிவு குறையும். நல்ல லென்ஸ்கள் நிக்கோன், கனன் அளவு மலிவும் இல்லை. கையால் போகஸ் செய்யும் சீன லென்ஸ்கள் மலிவு, பொறுமை உள்ளவர்களுக்கு.

ஆடிவேல் கணக்கு

லென்ஸ் பற்றி இத்தனை தரம் சொல்லிவிட்டேன், ஒரு கணக்கோடு காட்டிவிடுகிறேன். செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு ஆடிவேல் இரதம் வருகிறது. இருட்டிவிட்டது. காவடி ஆடுபவர் சுழல்கிறார். அவரை நிறுத்திப் பிடிக்க ஷட்டர் 1/125 விநாடி அல்லது அதைவிடக் குறைந்த நேரமே திறந்திருக்க வேண்டும். கமராவோடு வந்த லென்ஸை 50க்கு இழுத்தால் அது எஃப்/5.6க்கு மேல் திறக்காது. கமரா ஐ.எஸ்.ஓ.வை, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவை, 12,800க்கு ஏற்றும், படம் முழுக்க மணல் கொட்டியதுபோலப் புள்ளி. அதே இடத்தில் எஃப்/1.8 லென்ஸ் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஐ.எஸ்.ஓ. 1,300 அளவில் போதும். தோள்பட்டையில் வியர்வை மினுங்குவது தெரியும்.

கமரா உடம்பை மாற்றி இந்தப் பத்து மடங்கை வாங்க முடியாது. அதனால்தான் இரண்டாவது லென்ஸாக 55-250ஐ ஒட்டித்தரும் பொதிகளில் எனக்கு நம்பிக்கையில்லை. பறவை பார்க்க குமணவுக்கும் யாலவுக்கும் போகிறவருக்கு அது வேண்டும். வீடு, கோயில், தெரு, ரயில் என்று எடுப்பவருக்கு ஒரு 35 எஃப்/1.8 போதும். 1300டி வைத்திருப்பவருக்கு அதற்குச் சமமாக கனனின் 50 எஃப்/1.8 எஸ்டிஎம் இருக்கிறது. 160 கிராம், மலிவு. வீட்டு அறைக்குள் மட்டும் கொஞ்சம் நெருக்கடி, சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிவரும்.

ரோச் லைட்டோடு மூன்று வீடுகள்

கடைசியில் பட்டியலில் மிஞ்சியவை டி3500, ஏ6000. அடுத்த இரண்டு சனிக்கிழமைகள் நாங்கள் இருவரும் வீடு வீடாக ஏறினோம்.

முதல் வீடு கொட்டாஞ்சேனை. டி3500, பெட்டி, பில் எல்லாம் பத்திரமாக. உடம்பில் ஒரு கீறல் இல்லை. இரண்டு வருஷமாகப் பாவிக்கவே இல்லை, புதுசு மாதிரி என்றார் விற்பவர். பாவிக்கவே இல்லை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. லென்ஸைக் கழற்றி இரு பக்க மூடியையும் எடுத்து, பின்பக்கம் இருக்கும் சின்ன நெம்பை, உள்ளே வெளிச்சம் விடும் துவாரம் முழுதாகத் திறக்கும்படி விரலால் தள்ளிப் பிடித்து, போன் ரோச் லைட்டைச் சரிவாக அடித்தேன். முதலில் தூசிதான் மினுங்கியது. தூசி எல்லா லென்ஸிலும் இருக்கும், அது பரவாயில்லை. லைட்டை மெல்லச் சரித்தபோது ஓரத்திலிருந்து நடுவுக்கு, சிலந்தி தொடங்கிப் பாதியில் விட்டுப்போன வலைபோல, மிக மெல்லிய கிளைகள். மருமகளிடம் கொடுத்தேன். பார்த்துவிட்டு லென்ஸை மேசையில் வைத்துக் கையைப் பாவாடையில் துடைத்தாள், ஏதோ ஒட்டிக்கொண்டதுபோல. விற்பவர் பாவம், அவருக்கே தெரியாது.

வெள்ளவத்தையில் கடலோரமாய் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். இந்த ஊர்க் காற்றில் வருஷம் முழுக்க ஈரம். காற்றோட்டமும் வெளிச்சமும் இல்லாத மூலை கிடைத்தால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். ஆகவே இங்கே பாவித்த கமரா வாங்கும்போது கீறல் விழுந்து, பிடி தேய்ந்து, வாராவாரம் வெளியே போன கமராவையே நான் விரும்புவேன்.

இரண்டாவது வீடு பம்பலப்பிட்டித் தொடர்மாடி. ஏ6000, விலை எல்லாவற்றையும்விடக் குறைவு, படம் நன்றாக விழுந்தது. ஷட்டர் வேகத்தை மாற்ற மெனுவைத் திறந்தால் முழுவதும் ஜப்பான் எழுத்து. அண்ணன் அங்கிருந்து கொண்டுவந்தாராம். ஜப்பான் சந்தைக்கென்று சோனி செய்யும் கமராக்களில் வேறு மொழி இருக்காது, மாற்றவும் வராது. "பழகினாச் சரி அண்ணை, நான் குறி வைச்சுப் பழகிட்டன்" என்றார் அந்தத் தம்பி. எனக்குப் பழகும் வயதில்லை. அவளுக்கு வயதிருந்தது, பொறுமை இல்லை.

மூன்றாவது தெஹிவளை. இதுவும் ஏ6000, மெனு ஆங்கிலம். உடம்பின் மூலைகளில் கறுப்புப் பூச்சு தேய்ந்திருந்தது. ரோச் லைட்டில் லென்ஸ் சுத்தம். வெளியே வந்து எஃப்/16இல் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினோம், சென்சரில் இரண்டு கறுப்புப் பொட்டு, ஊதினால் போகும் தூசி. லென்ஸ் மூடியைப் போட்டபடி ஒரு படம், எரிந்துபோன புள்ளிகள் உண்டா என்று பார்க்க. ஒரு படத்தைப் போனுக்கு எடுத்து ஷட்டர் எத்தனை தரம் அடித்திருக்கிறது என்று பார்த்தோம், பதினோராயிரம் சொச்சம். நிக்கோனிலும் சோனியிலும் இந்த எண்ணைப் படத்தின் தகவலிலிருந்தே எடுக்கலாம். கனனின் மலிவு வகைகளில் கமராவைக் கம்பியூட்டரில் குத்தி ஒரு மென்பொருளால் கேட்கவேண்டும், விற்பவர் வீட்டு வாசலில் அது சரிவராது. டி3500 போன்றவற்றின் ஷட்டர் ஒரு லட்சம் தரம் அடிக்கும்படி சோதிக்கப்பட்டது. அதை வைத்துப் பார்த்தால் பதினோராயிரம் இளமைதான்.

விலைபற்றி இரண்டு வார்த்தை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். புதிய கமரா விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை, பாவித்ததை விற்பவரும் தான் வாங்கிய விலையை நினைத்துக்கொண்டே சொல்கிறார். ஆகவே விளம்பர விலையைப் பார்த்து ஒதுங்காமல் ஒரு போன் போடுங்கள். புதியது வாங்குகிறவர்கள், உத்தரவாதம் ஏஜன்ட் தருவதா கடை தருவதா என்று பில் எழுத முன்னர் கேளுங்கள். கடை உத்தரவாதம் மலிவுக்குக் காரணம், அது கடை இருக்கும் வரைக்கும்தான்.

தெஹிவளை வாசலில் நின்றுகொண்டு நான் இன்னும் டி3500 புராணம் பாடினேன். வேறு ஒன்று வரும் வரை பார்ப்போம், பற்றரி, பிடிமானம், 35 லென்ஸ் என்று. அவள் ஒன்றும் சொல்லவில்லை. தோளிலிருந்த கந்தோர்ப் பையைத் திறந்து, சாப்பாட்டுப் பெட்டிக்கும் குடைக்கும் நடுவில் ஏ6000ஐ வைத்து, சிப்பை இழுத்து மூடினாள். மூடியது. "நீங்கதானே மாமா பை கேட்டனீங்கள்" என்றாள். எனக்கு வாய் அடைத்துவிட்டது.

காசில் மிச்சம் இருந்தது. மேலதிக பற்றரி ஒன்று, 64 ஜிபி கார்ட் ஒன்று, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, அதற்குள் போட சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன வட்ட மீற்றர் ஒன்று. முள்ளு 40க்கும் 50க்கும் இடையில் நிற்கவேண்டும். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் சட்டியில் மெதுவாகச் சூடாக்கி மறுபடி நீலமாக்கலாம். அந்தச் சட்டியில் பிறகு சமைக்கக் கூடாது. அரிசிக்குள் புதைக்கச் சொல்பவர்களை நம்பவேண்டாம், அரிசித் தூள்தான் மிஞ்சும். கடற்கரையில் எடுத்துவிட்டு வந்தால் ஈரம் பிழிந்த துணியால் உடம்பைத் துடைத்து, காயவிட்ட பின்னர் பெட்டிக்குள். ஏசி அறையிலிருந்து வெளியே வரும்போது லென்ஸ் பனித்துவிடும், பதற்றப்பட்டுத் துடைக்காமல் கால்மணி நேரம் பைக்குள்ளேயே விடுங்கள். நல்ல லென்ஸுக்கு இன்னும் இரண்டு சம்பளம் பொறுக்கப் போகிறாளாம். அதுவரை என் நண்பர் ஒருவரின் கையால் திருகும் 35 எஃப்/1.4 இரவலாக அவளிடம் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் முதல் படம் வந்தது. 101ஆம் இலக்க பஸ்ஸின் ஜன்னல், மழைத்துளிகள், அதற்கப்பால் காலி வீதியின் சிவப்பு லைட்டுகள், முன் சீற்றில் நித்திரை தூங்கும் ஒரு பாட்டியின் பாதி முகம். முகம் அசைந்திருந்தது. ஷட்டர் வேகத்தைப் பார்த்தேன், 1/15. "125க்கு ஏத்து" என்று பதில் போட்டேன். "பஸ்ஸும் ஆடுது மாமா" என்று வந்தது.